பழைய லாரிக்குப் புதிய பாட்டு

'லாரி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது, நெல் மூட்டைகளையோ செங்கற்களையோ மலை போல் ஏற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களின் முகத்தில் புகையைக் கக்கிக்கொண்டு போகும் ஒரு பெரிய வாகனம். அமெரிக்கா தேசத்தில் 'டிரக்' என்று செல்லமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அது அல்ல. முன்புறம் மூன்று பேர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரே ஆசனம், அதற்குப் பின்னால் தொட்டியைப் போல் திறந்த ஓர் இடம், அவ்வளவுதான் வண்டி. 'பிக்-அப்' என்றும் அதற்குப் பெயர் உண்டு. குடியானவன் அதில் வைக்கோல் கட்டுகளை ஏற்றுவான். தச்சன் பலகைகளை ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே வண்டியைக் கழுவித் துடைத்து, மனைவியையும் குழந்தையையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் போவான். நம் கிராமங்களில் ஒரு காலத்தில் இரட்டை மாட்டு வண்டி எப்படி உழைப்புக்கும் உற்சவத்துக்கும் ஒன்றாகவே பயன்பட்டதோ, அப்படியே அங்கே இந்த டிரக்.

இவற்றில் 1967-ம் வருஷம் முதல் 1972-ம் வருஷம் வரையில் ஷெவர்லே கம்பெனியார் செய்து விற்ற வண்டிகளுக்கு முதுமையில் ஒரு யோகம் பிறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சேறும் சகதியுமாய் உழைத்து, களஞ்சியத்தின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றையெல்லாம் தேடிப் பிடித்து, எஞ்சினைப் புதுப்பித்து, வர்ணம் பூசி, குழந்தையைப் போல் பேணுகிறார்கள். பாட்டனார் ஓட்டிய வண்டி பேரனுக்கு வந்து சேருவதும் உண்டு. பேரன் வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு ஆசனத்தில் ஏறி உட்காருகிறான். எல்லாம் திருப்தியாயிருக்கிறது, ஒன்றைத் தவிர. முகப்பிலுள்ள ரேடியோவின் குமிழைத் திருகினால், கரகரவென்ற சப்தத்துக்கு நடுவே எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் பேசுவது போல் ஒரு குரல் கேட்கிறது. அல்லது அதுவும் கேட்பதில்லை. அவன் சட்டைப் பையிலுள்ள டெலிபோனிலோ உலகத்துச் சங்கீதமெல்லாம் அடங்கியிருக்கிறது. அதை இந்த வண்டியில் கேட்க வேண்டுமானால் புதிய ஸ்டீரியோ வேண்டும். புதிய ஸ்டீரியோவோ பழைய துவாரத்தில் நுழைய மாட்டேன் என்கிறது!

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. வேகத்தையும் பெட்ரோல் அளவையும் காட்டும் கருவிகள் பதித்த முகப்புப் பலகை, அதாவது டாஷ்போர்டு, இந்த வண்டியில் எஃகுத் தகட்டினால் ஆனது. ரம்பத்தை எடுத்து நடுவில் நீளச் சதுரமாக அறுத்துவிட்டால் கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அறுக்கலாமா, கூடாதா? வேடிக்கையான சண்டை என்று தோன்றலாம். ஆனால் பழைய வீட்டின் தேக்குக் கதவில் புதுப் பூட்டுக்காக உளி வைக்கும்போது வீட்டுப் பெரியவர்களின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டையின் பொருள் எளிதில் விளங்கும்.

ரேடியோ வண்டி ஏறிய வரலாறு

மோட்டார் வண்டியில் ரேடியோ வைப்பது ஒரு காலத்தில் பிரம்மப் பிரயத்தனமாக இருந்தது. ஸிகாகோ நகரத்தில் பால் கால்வின் என்பவரும் அவர் சகோதரர் ஜோஸப் கால்வினும் நடத்தி வந்த ஒரு சிறு தொழிற்சாலையில் 1930-ம் வருஷம் அதற்காக ஒரு ரேடியோவைச் செய்தார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் அட்லாண்டிக் ஸிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மகாநாடு கூடியபோது, பால் கால்வின் தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரிலேயே ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைப் பாடவிட்டு, போகிற வருகிறவர்களை அழைத்துக் கேட்கச் செய்தார். மோட்டாருக்கு அடையாளமாக முன்பாதியும், 'விக்ட்ரோலா' என்ற கிராமபோனின் பெயரை நினைவூட்டும் பின்பாதியும் சேர்த்து அந்த ரேடியோவுக்கு 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தார். 1947-ல் அவருடைய கம்பெனியே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது.

அக்காலத்து ரேடியோவில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. அவற்றுக்கு உயர்ந்த மின் அழுத்தம் வேண்டும். வண்டியின் பாட்டரியிலோ ஆறு வோல்ட்தான் உண்டு. ஆறை நூற்றுக் கணக்காக ஏற்றுவதற்காக, ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியை உள்ளே வைத்தார்கள். அது வண்டு ரீங்காரம் செய்வது போல் ஓசையிட்டுக்கொண்டேயிருக்கும். ரேடியோ சூடேறிப் பேச ஆரம்பிப்பதற்குள் சிறிது தூரம் போய்விடலாம். 1955-ம் வருஷத்தில் கிரைஸ்லர் கம்பெனியார், பில்கோ கம்பெனி செய்த ரேடியோவை வெளியிட்டார்கள். அதில் வால்வே கிடையாது, எல்லாம் டிரான்ஸிஸ்டர். அதன் பிறகு சில வருஷங்களுக்குள் வண்டும் ஓய்ந்தது, வால்வும் ஒழிந்தது.

நாம் பேசிக்கொண்டிருக்கும் ஷெவர்லே டிரக்கில் ரேடியோ தானாக வருவதில்லை. அதிகப்படியாகப் பணம் கொடுத்தவர்களுக்கே கிடைத்தது. உழைப்பதற்கென்றே வண்டி வாங்கிய பலர் அந்தச் செலவு அநாவசியம் என்று விட்டுவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் கிடைத்த ரேடியோவின் அமைப்பை இங்கே சிறிது விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அறுப்பதா வேண்டாமா என்ற கேள்வி முழுவதும் அதைச் சுற்றியே இருக்கிறது.

முகப்புத் தகட்டில் நடுவே ஏறக்குறைய நான்கு அங்குல நீளமுள்ள ஒரு சாளரம். அதன் இரு புறமும் இரண்டு வட்டத் துளைகள். ரேடியோவைத் தகட்டின் பின்னாலிருந்துதான் பொருத்த வேண்டும். அதன் எண் பலகை சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கும். இரண்டு தண்டுகள் துளைகளின் வழியே வெளியே நீளும். தண்டுகளின் மேல் மரையைத் திருகி இறுக்கி, அதன்மேல் குமிழ்களைச் செருகுவார்கள். இடப்புறக் குமிழ் ஓசையைக் கூட்டவும் குறைக்கவும். வலப்புறக் குமிழ் நிலையத்தைத் தேடுவதற்கு. நடுவிலே ஐந்து பொத்தான்கள். பிடித்த நிலையம் வந்ததும் ஒரு பொத்தானை வெளியே இழுத்து, பிறகு அடிவரை உள்ளே தள்ளினால், அந்த நிலையத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். மின்சாரத்தின் உதவியே இல்லாமல், நெம்புகோல்களாலும் பற்களாலும் வேலை செய்யும் ஞாபகம் அது. பாட்டரியைக் கழற்றிப் பத்து வருஷம் வைத்திருந்தாலும் மறக்காது. பள்ளிக்கூடத்தில் ஞாபக சக்தியைப் பற்றி ஓயாமல் புகார் செய்யும் என் போன்றவர்களுக்கு அந்தப் பொத்தான்களைக் கண்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பாட்டுப் பெட்டிகள் மாறிக்கொண்டே வந்தன. 1966-ம் வருஷத்து மாடல் கார்களில் போர்டு கம்பெனியார், பில் லியர் என்பவர் அமைத்த எட்டுத் தட நாடாப் பெட்டியை வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1963-ல், ஐரோப்பாவில் பிலிப்ஸ் கம்பெனி சிறிய காஸெட்டை வெளியிட்டிருந்தது. நாளடைவில் அதுவே வென்றது. ஆளுக்கு ஓர் அளவில் பெட்டி செய்தால் குழப்பந்தானே? ஜெர்மனியில் அளவுகளை வரையறுக்கும் ஸ்தாபனம் ஒரு விதி செய்தது. 1984-ல் அது சர்வதேச விதியாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த ஸ்தாபனத்தின் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'டின்' அளவு என்பார்கள். துவாரம் 182 மில்லிமீட்டர் நீளம், 53 மில்லிமீட்டர் உயரம். நம் பழைய கணக்கில் ஏழு அங்குலத்துக்குச் சற்று அதிகம், இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். இதைப் போல் இரு மடங்கு உயரமுள்ளது 'டபிள் டின்'. தொட்டால் இயங்கும் திரையுள்ள பெட்டிகளில் பல இந்த இரட்டை அளவில் வருகின்றன.

ரம்பம் என்ன செய்கிறது?

ஏழு அங்குலச் சதுரத்தை அறுக்கும்போது, நடுச் சாளரமும் இரண்டு பக்கத்துத் துளைகளும் ஒன்றாய்க் கலந்து ஒரே வாயாகிவிடுகின்றன. பழைய ரேடியோவைத் தாங்கி நின்றது அந்தத் துளைகளைச் சுற்றியிருந்த தகடுதான். அது போய்விட்டால், பிற்காலத்தில் மனம் மாறிப் பழைய ரேடியோவை வைக்க நினைத்தாலும் தண்டுகளுக்குப் பிடிப்பு இராது.

அதைச் சரிசெய்யவே முடியாதா என்றால், முடியும். அதே வளைவும் கனமும் உள்ள தகட்டை வெட்டி எடுத்து, துவாரத்தில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மெல்லிய தகடாகையால், சூடு சிறிது அதிகமானாலும் முகப்பு முழுவதும் நெளிந்துவிடும். ஆகவே ஒரு பொட்டு இங்கே, ஆறிய பிறகு ஒரு பொட்டு அங்கே என்று பொறுமையாக வைக்க வேண்டும். பிறகு அரத்தால் ராவி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துளைகளை மறுபடியும் இட்டு, முகப்பு முழுவதற்கும் புது வர்ணம் அடிக்க வேண்டும். கண்ணாடியையும் கருவிகளையும் கழற்றாமல் இதை நன்றாகச் செய்ய முடியாது. கால் மணி நேரத்தில் செய்த காரியத்தை மாற்றுவதற்கு எத்தனையோ நாள் வேலை!

இதற்காக, முன்பு அறுத்தவர்களைத் தூற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1985-ம் வருஷத்தில் பதின்மூன்று வயதான ஒரு டிரக், வெறும் பழைய வண்டி, அவ்வளவுதான். அதை ஓட்டிய இளைஞன் விறகும் வைக்கோலும் ஏற்றிச் சம்பாதித்த காசில் ஒரு காஸெட் பெட்டியை வாங்கி, தகட்டை அறுத்துப் பொருத்திக்கொண்டான். நீண்ட இரவுப் பிரயாணங்களில் அவன் தூங்கிவிடாமல் அந்தப் பாட்டுக் காத்திருக்கும். பிற்காலத்தில் அந்த வண்டி பொக்கிஷமாகப் போகிறது என்று அவனிடம் யார் சொன்னார்கள்? வண்டியில் முன்பே அறுத்த துவாரம் இருந்தால், அதையும் வண்டியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாக ஏற்றுக்கொண்டு, ஓரங்களை அரத்தால் ஒழுங்குபடுத்தி, நல்ல சட்டம் ஒன்றை வைத்து, 'டின்' அளவுப் பெட்டியையே பொருத்துவதில் தவறு ஒன்றும் இல்லை.

அறுபடாத முகப்பு வேறு விஷயம். இந்த மாதிரி வண்டிகள் இனிச் செய்யப்படப் போவதில்லை. இருக்கும் முகப்புகளில் அறுபடாதவை வருஷத்துக்கு வருஷம் குறைகிறதேயன்றிக் கூடுவதில்லை. அதோடு, குடும்பத்தில் வழிவழியாக வந்த வண்டியானால், பாட்டனாரின் விரல் பட்டுத் தேய்ந்த குமிழ் இருந்த இடம் அது. அறுக்காமலே பாட்டுக் கேட்க வழி இல்லாதபோதுதான் ரம்பத்தைத் தேட வேண்டும். வழிகளோ ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன.

அறுக்காத வழிகள்

முதலாவது, பழைய உருவத்திலேயே செய்யப்படும் புதிய பெட்டி. ரெட்ரோசௌண்ட் முதலான கம்பெனிகள், இரண்டு தண்டுகளும் நடுவில் சிறு எண் பலகையும் கொண்ட ரேடியோக்களைச் செய்கின்றன. வண்டிக்கு வண்டி துளைகளின் இடைவெளி வித்தியாசப்படுமாதலால், தண்டுகளைத் தள்ளி வைத்துக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். முன்னே பார்த்தால் அந்தக் காலத்துச் சாமான் போல இருக்கும். உள்ளே 'புளூடூத்' உள்படப் புது யுகம் குடியிருக்கும். பையிலுள்ள டெலிபோன் கம்பியில்லாமலே அதன் மூலம் பாடும். அவசரக்காரர்களுக்கும் கைத்திறன் குறைந்தவர்களுக்கும் இதுவே நல்ல வழி. ஒரு குறை: நெருங்கிப் பார்த்தால் எண் பலகையில் ஒளிரும் எழுத்துக்கள் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது வழி கூடுவிட்டுக் கூடு பாய்வது. பழைய ரேடியோவின் உடலை வைத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் உறுப்புகளை எடுத்துவிட்டுப் புதிய மின் பலகையைப் பொருத்துகிறார்கள். அதே குமிழ், அதே முள், அதே மங்கலான விளக்கு; ஆனால் கேட்பது தெளிவான ஸ்டீரியோ. வேலை தெரிந்தவர்களிடம் அனுப்ப வேண்டும். செலவும் அதிகம், காத்திருக்கவும் வேண்டும். நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பழைய ரேடியோவை இதற்காகக் குடலைப் பிடுங்குவது எனக்குச் சம்மதமில்லை. ஊமையாகிப் போன ஒன்றை வாங்கி அதற்கு உயிர் கொடுப்பதே உசிதம்.

இன்னும் பழைய டிரக்குகளில், 1953-க்கும் 1963-க்கும் இடையில் செய்த ரேடியோ இருந்தால், அதன் எண் வரிசையில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் சிறிய முக்கோணக் குறி இருப்பதைக் காணலாம். ஆகாய விமானத் தாக்குதல் நேர்ந்தால் மற்ற நிலையங்களெல்லாம் மௌனமாகிவிடும். அந்த இரண்டு இடங்களில் மட்டுமே சர்க்கார் அறிவிப்பு கேட்கும் என்பது அப்போது அமெரிக்காவில் இருந்த ஏற்பாடு. 1963-ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அணுகுண்டைக் குறித்து ஒரு ஜனசமூகம் முழுவதும் கொண்டிருந்த பீதியின் சின்னம் அந்தக் குறி. அத்தகைய ரேடியோவை யாராவது குப்பையில் எறிவதாகக் கேள்விப்பட்டால் சரித்திர ஆசிரியர்களுக்கு மனம் பொறுக்குமா?

மூன்றாவது வழியை நான் மிகவும் விரும்புகிறேன். பழைய ரேடியோ தன் இடத்திலேயே இருக்கட்டும். புதிய பெட்டியைக் கையுறைப் பெட்டிக்குள்ளோ ஆசனத்தின் அடியிலோ மறைத்து வைத்துவிடலாம். டெலிபோனிலிருந்து பாட்டு வருவதால், பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. திரையும் குமிழும் இல்லாத சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றே போதும். பாட்டை மாற்ற விரும்பினால் மாத்திரம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனைத் தொட வேண்டும். அதுவும் நல்ல பழக்கந்தான்.

1973-க்குப் பிறகு வந்த ஷெவர்லே டிரக்குகளின் சமாசாரம் வேறு. அவற்றில் கருவிகளையும் ரேடியோவையும் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் போன்ற புதுச் சட்டம் விலைக்குக் கிடைப்பதால், அதை வாங்கி அறுத்துக்கொண்டு, அசல் சட்டத்தைப் பரணில் பத்திரப்படுத்தலாம். உள்ளேயிருக்கும் உலோகத்தையும் சிறிது அறுக்க நேரிடும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசனத்துக்குப் பின்னால் ஓர் ஆபத்து

பாட்டுப் பெட்டிக்கு அடுத்தபடி ஸ்பீக்கர். இந்த வண்டியில் ஆதியில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். முகப்பின் மேலே, காற்றுக் கண்ணாடியைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருக்கும். ஓசை கண்ணாடியில் மோதித் திரும்பி நம் காதுக்கு வரும். அதே இடத்தில் வைக்கக்கூடிய, ஒரே கூம்பில் இரண்டு சுருள்கள் உள்ள ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடப் பக்கத்து ஒலி ஒரு சுருளுக்கும் வலப் பக்கத்து ஒலி மற்றொன்றுக்கும் போகும். அது போதாதென்றால், கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவர்களில் உள்ள மூடிகளுக்குப் பதிலாக, ஸ்பீக்கர் பொருத்திய மூடிகளை வாங்கி மாட்டலாம். கதவுத் தகட்டை அறுப்பவர்களும் உண்டு. முகப்புக்குச் சொன்னதையே கதவுக்கும் சொல்லுவேன்.

ஆசனத்துக்குப் பின்னால் தாராளமாக இடமிருக்கிறதே, அங்கே வைத்தால் என்ன என்று தோன்றும். இங்கேதான் நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 1967 முதல் 1972 வரையிலான ஷெவர்லே பிக்-அப்பில் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? வண்டிக்கு அடியிலே அல்ல. ஓட்டுகிறவனுடைய முதுகுக்கு நேர் பின்னால், அதே அறைக்குள்ளே! 1973-ம் வருஷத்து மாடலில்தான் அதை வெளியே கொண்டுபோனார்கள். விஷயம் தெரியாமல் அங்கே தமரூசியால் துளை போட்டாலும், நீளமான திருகாணியை முடுக்கினாலும் விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கமாகப் போகும் ஒவ்வொரு கம்பியும் உறையிட்டதாக, எங்கும் உராயாததாக இருக்க வேண்டும். சங்கீதத்துக்கு ஆசைப்பட்டு உயிரைப் பணயம் வைக்கலாகாது.

கம்பிகளின் கதை

முதலில் வண்டியின் மின்சாரம் எத்தனை வோல்ட் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். 1967-ம் வருஷத்து வண்டியானால் பன்னிரண்டு, கவலையில்லை. ஆனால் ஷெவர்லே டிரக்குகள் 1955-ம் வருஷத்தின் நடுவில்தான் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு மாறின. போர்டு டிரக்குகள் 1956-ம் வருஷத்து மாடலில் மாறின. அதற்கு முந்திய போர்டு வண்டிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பாட்டரியின் நேர் முனையையே வண்டியின் உடலோடு சேர்த்திருப்பார்கள். தெரியாமல் புதிய பெட்டியை அதில் இணைத்தால் பெட்டி அக்கணமே புகையாகிவிடும்.

பழைய ரேடியோவுக்கு மின்சாரம் கொண்டு வரும் கம்பி ஒன்றுதான். சாவியைத் திருப்பினால் உயிர் வரும், திருப்பி எடுத்தால் போகும். புதிய பெட்டிக்கு இரண்டு வேண்டும். சிவப்புக் கம்பி சாவியோடு சேர வேண்டியது. மஞ்சள் கம்பியோ எப்போதும் பாட்டரியோடு சேர்ந்திருக்க வேண்டும். அதைக் கொண்டுதான் பெட்டி நேரத்தையும் நிலையங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுகிறது. பல பெட்டிகளில் பாடுவதற்கு வேண்டிய சக்தியும் அதன் வழியேதான் வருகிறது. நெம்புகோல் ஞாபகத்தை விட்டுவிட்டு மின்சார ஞாபகத்தைத் தேடிக்கொண்டதற்கு நாம் கொடுக்கும் வரி இது! வண்டி மாதக் கணக்கில் கொட்டகையில் நிற்பதானால், சொட்டுச் சொட்டாகப் பாட்டரி வற்றிப்போகும். அதற்காகப் பாட்டரியின் முனையில் ஒரு துண்டிப்பு ஸ்விச்சு வைப்பது நல்லது. கறுப்புக் கம்பி வண்டியின் உடலில் சேர வேண்டியது. வர்ணத்தின் மேலே அல்ல, சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பின் மேலே.

மஞ்சள் கம்பியைப் பாட்டரியிலிருந்து நேரே கொண்டு வரும்போது, பாட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பியூஸ் வைக்க வேண்டும். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரை அந்தக் கம்பி கடந்து வருகிறது. துளையின் கூரிய விளிம்பில் ரப்பர் வளையம் போடாவிட்டால், வண்டியின் அதிர்ச்சியில் கம்பியின் உறை நாளடைவில் அறுபட்டுவிடும். பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால், அறுபட்ட இடத்துக்கும் பாட்டரிக்கும் நடுவே காவல் இல்லை. பழைய வண்டிகள் தீப்பிடிப்பதற்கு இத்தகைய சிறு அசிரத்தையே போதும்.

ஸ்பீக்கர் கம்பியில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கருக்கு ஒரு முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருப்பது வழக்கம். அந்த வழக்கத்தைப் புதிய பெட்டிக்கும் அனுசரித்தால் அதன் ஒலிபெருக்கும் பகுதி கெட்டுப்போகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு கம்பிகள் பெட்டியிலிருந்தே போக வேண்டும்; இரண்டில் எதுவும் இரும்பைத் தொடலாகாது. ஷெவர்லே அடங்கிய ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரேடியோக்களுக்கு அந்தக் காலத்தில் பத்து ஓம் தடையுள்ள ஸ்பீக்கர் இருந்தது. இக்காலத்தவை பெரும்பாலும் நான்கு ஓம். பழைய ஸ்பீக்கரைப் புதிய பெட்டியில் சேர்த்தால் ஓசை மெலிந்து கேட்கும், கெடுதல் இல்லை. புதிய ஸ்பீக்கரைப் பழைய ரேடியோவில் சேர்த்தாலோ மின்னோட்டம் அதிகமாகி ரேடியோ சூடேறிவிடும். ஓமின் விதியைப் பள்ளிக்கூடத்தில் கசப்பு மருந்து போல் விழுங்கிய பிள்ளைகளுக்கு, அது எங்கே பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவ்வளவும் ஆன பிறகு, முகப்பை மூடுவதற்கு முன்னால் ஒரு முறை பாடவிட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது தெளிவாகக் கேட்டு, ஓடும்போது மாத்திரம் 'ஙொய்' என்று ஒரு ஓசை கிளம்பி, வேகத்தோடு அதுவும் ஏறினால், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் குரல் பாட்டிலே கலக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கறுப்புக் கம்பி நன்றாகச் சேராததே காரணமாக இருக்கும். பெட்டியின் பின்பாகத்துக்கு ஓர் இரும்புப் பட்டை முட்டுக் கொடுப்பதும் அவசியம். முன்புறத்துத் தண்டுகளை மட்டும் நம்பிவிட்டால், மண் சாலையின் குலுக்கலில் அவை தளர்ந்துவிடும். வானொலியைப் பிடிக்கும் ஏரியல் கம்பியைப் பற்றி மட்டும் கவலை வேண்டியதில்லை. அதன் முனைச் செருகி அந்தக் காலத்து உருவத்திலேயே இன்னும் இருந்து வருவதால், பழைய ஏரியல் பெரும்பாலும் புதிய பெட்டியில் நேராகச் செருகிக்கொள்ளும்.

கழற்றி எடுத்த பழைய ரேடியோவைத் துடைத்து, துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். தண்டுகளின் மேலிருந்த இரண்டு மரைகளும், குமிழ்களும், பின்புறத்து முட்டுப் பட்டையும் அவசரத்தில் எங்காவது உருண்டு போய்விடும். அவற்றையும் அதே துணியில் முடிந்து, எந்த வருஷத்து எந்த வண்டியினுடையது என்று ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் தேட வேண்டியிராது.